பதினாறு கண் மதகும் பத்துத் தொகுதிகளும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். நான் இழுத்துப் பேசினதையும், ஒரே விஷயத்தை மூணு தடவை சொன்னதையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.

ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படிச்சப்போ, எல்லா பிராஞ்சுக்கும் பொதுவா ஒரு சிவில் பேப்பர் இருந்தது. ஒரு நாள் வகுப்புல சார் திடீர்னு என்னை எழுப்பி, "ஸ்லூயிஸ்னா என்ன?"னு கேட்டார். முழிச்சேன். "எந்த ஊர்?"னு கேட்டார். "மேட்டூர் சார்"னேன். மொத்த வகுப்பும் சிரிச்சது. நியாயம்தான். ஸ்லூயிஸ்னா மதகு. நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். மதகுன்னா எனக்கு நல்லாவே தெரியும். மேல்மட்ட மதகு எது, கீழ்மட்ட மதகு எது, எப்போ பதினாறு கண் மதகைத் திறப்பாங்க, இதெல்லாம் எங்க ஊர்ல டீக்கடைப் பேச்சு. தெரிஞ்ச ஒரு பொருளே அந்த வகுப்புல எனக்குத் தெரியாததாப் போச்சு.

அந்த 'கண்' அப்படிங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க. அணை நிரம்பி வழியும்போது உபரி நீரை வெளியே விடுற வழி ஒவ்வொண்ணுக்கும் பேரு கண். பாலத்துக்கும் அதே வார்த்தைதான், 'அஞ்சு கண் பாலம்'னு சொல்றோம் இல்லையா. எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து உருவாக்கின சொல் இல்ல இது. ஆனா ஒரு பாடப்புத்தகத்துல போடுற அளவுக்குத் துல்லியமா இருக்கு.

இன்னைக்கு எபிசோட் அணையைப் பத்தி இல்ல. ஆனா அணையை வெச்சுதான் இந்தக் கேள்வியைப் புரிய வைக்க முடியும். மேட்டூர் அணை 1925-ல் ஆரம்பிச்சு 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த ஒரே பொருளைப் பத்தி முழுசா எழுதணும்னா எத்தனை துறை வேணும்? அடியில இருக்கிற பாறைக்குப் புவியியல். மழைக்கும் வெள்ளத்துக்கும் நீரியல். அணை கட்டுறதுக்கு முன்னாடி மைசூர் சமஸ்தானத்தோட 1924-ல் போட்ட ஒப்பந்தத்துக்குச் சட்டமும் அரசியலும். 1937-ல் வந்த நீர்மின் நிலையத்துக்கு இயற்பியல். டெல்டா பாசனத்துக்கு வேளாண்மை. தண்ணி தேங்கின இடத்துல கொசு, காய்ச்சல்னு வந்தா மருத்துவம். கோடையில நீர்மட்டம் இறங்கினதும் பண்ணவாடிப் பக்கம் தலை தூக்குற நந்தி சிலைக்கும் பழைய தேவாலயக் கோபுரத்துக்கும் வரலாறும் சிற்பக்கலையும். பல்கலைக்கழகத்துல இதெல்லாம் தனித்தனி கட்டடத்துல, ஒண்ணை ஒண்ணு பார்க்காம இருக்கு. நிஜத்துல எல்லாம் ஒரே சுவருக்குப் பின்னாடி தேங்கி நிக்குது.

இத்தனை துறைகளையும் தமிழ்ல ஒரே இடத்துல உட்கார வைக்கணும்னு சிலர் முயற்சி பண்ணாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

எங்க மாவட்டத்துல இருந்தே தொடங்கலாம். 1916-ல் சேலத்துல ஒரு வக்கீல், வெங்கடசுப்பையர்ங்கிறவரோட சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கிறார். தமிழ்ல அறிவியல் சொற்களை உருவாக்குறதுதான் சங்கத்தோட வேலை. அதுக்குன்னு ஒரு பத்திரிகையும் வந்தது. அந்த வக்கீல் யாருன்னா, சி. ராஜகோபாலாச்சாரி. ஆமா, ராஜாஜிதான். அடுத்த வருஷம் சேலம் முனிசிபல் சேர்மன் ஆகிறார். அதுக்கப்புறம் நடந்த பெரிய அரசியல் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சின்னச் சங்கம்தான் யாருக்கும் ஞாபகத்துல இல்ல. பின்னாடி அவர் எழுதின 'திண்ணை ரசாயனம்' புத்தகத்துல இந்தப் பழைய ஆசை திரும்பவும் தலைகாட்டுது. எனக்கு அவரோட அரசியல்ல பல இடத்துல உடன்பாடு கிடையாது. ஆனா ஊருக்குப் பக்கத்துல உட்கார்ந்து கெமிஸ்ட்ரிக்குத் தமிழ்ச் சொல் தேடின அந்த வக்கீலை எனக்குப் பிடிச்சிருக்கு.

சேலத்துக்கு ரொம்ப முன்னாடியே யாழ்ப்பாணத்துல இது நடந்திருக்கு. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க டாக்டர், மிஷனரி, 1847-ல் அங்கே வர்றார். மானிப்பாய்ல மருத்துவம் சொல்லிக் கொடுக்கிறார். முதல்ல ஆங்கிலத்துல. அப்புறம், 1860-கள்ல, முழுக்கத் தமிழ்ல. அதுக்கு அவரே புத்தகங்களை மொழிபெயர்க்க வேண்டி வந்தது. 1872-ல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்', கிரேயோட உடற்கூறு நூலைத் தழுவினது. இன்னைக்கும் எம்.பி.பி.எஸ். பசங்க தூக்கிக்கிட்டு அலையுற அதே கிரே. 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்'னு வேற நூல்களும் உண்டு. கெமிஸ்தம்ங்கிற பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. சொல் கிடைக்கலன்னா அப்படியே தமிழ் ஓசைக்கு இழுத்துட்டு வேலையைப் பார்த்திருக்கார். முதல்ல உயிர் பிழைக்கட்டும், தூய்மையை அப்புறம் பார்த்துக்கலாம்ங்கிற டாக்டர் புத்தி. அவர் 1873-ல் ஊர் திரும்பினார். அதுக்குப் பிறகு படிப்பு பழையபடி ஆங்கிலத்துக்கே போயிடுச்சு.

நம்ம பக்கம் சண்டை வேற மாதிரி போச்சு. 1936-ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ஒரு கலைச்சொல்லாக்க மாநாடு நடத்தினது, விபுலானந்த அடிகள் தலைமையில. 1938-ல் சொல் தொகுப்பும் வந்துடுச்சு. 1940-ல் அரசு அமைச்ச சீனிவாச சாஸ்திரி குழுவோ, சமஸ்கிருதம் சார்ந்த பொதுச் சொற்கள் பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர்கள் எதிர்த்தாங்க. பௌதிகமா இயற்பியலா, ரசாயனமா வேதியியலாங்கிற இந்தத் தகராறு, யாருடைய வாயில வர்ற தமிழ் பாடப்புத்தகத்துக்குள்ள போகும்ங்கிற தகராறும்கூட. அதனாலதான் அவ்வளவு சூடா இருந்தது.

இந்தச் சூட்டுக்கு நடுவுலதான் பெரிய வேலை தொடங்குது. 1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரா இருந்த தி.சு. அவினாசிலிங்கம், தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதோட முதல் பெரிய திட்டம், தமிழ்ல ஒரு முழு என்சைக்ளோபீடியா. பேரு 'கலைக்களஞ்சியம்'. தலைமைப் பதிப்பாசிரியரா வந்தவர் பெரியசாமித் தூரன்.

தூரனைப் பத்திக் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா மனுஷன் அப்படி. 1908-ல் ஈரோடு மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுல பிறந்தவர், விவசாயக் குடும்பம். எங்க ஊர்ல இருந்து காவேரியோடவே கீழே இறங்கினா அந்தப் பக்கம் வரும். சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரியில கணிதம் படிச்சார். 1931-ல் பகத்சிங்கைத் தூக்குல போட்டதும், மனசு உடைஞ்சு பி.ஏ. இறுதித் தேர்வையே எழுதாம விட்டுட்டார்னு சொல்வாங்க. அப்புறம் வாத்தியார் வேலை. கோயம்புத்தூர்ல அவினாசிலிங்கம் நடத்தின ராமகிருஷ்ண வித்யாலயத்துல இருந்தார். எழுதின புத்தகங்களைப் பார்த்தா தலை சுத்தும். மரபணு பத்தி 'பாரம்பரியம்', உளவியல் பத்தி 'அடிமனம்', கர்ப்பம் பத்தி 'கருவில் வளரும் குழந்தை', ஜாக் லண்டன் நாவலோட மொழிபெயர்ப்பு 'கானகத்தின் குரல்'. பாரதி சுதேசமித்திரன்ல எழுதிச் சிதறிக் கிடந்ததைத் தேடி எடுத்து 'பாரதி தமிழ்'னு தொகுத்தவரும் இவர்தான். இதுக்கெல்லாம் மேல, கச்சேரிகள்ல இன்னைக்கும் பாடுற கர்நாடக சங்கீதப் பாட்டுகளை எழுதினவர். 'முரளீதர கோபாலா' அவருடையது. நிறைய பேருக்கு இவர் பாட்டுக்காரரா மட்டும்தான் தெரியும். என் பாட்டு வாத்தியார் அக்காகிட்ட "இவர்தான் என்சைக்ளோபீடியா எடிட்டர்"னு சொன்னப்போ, வேற தூரனா இருக்கும்னு ஒரே போடா போட்டுட்டாங்க.

சரி, வேலை எப்படி நடந்திருக்கும்? இங்கே என் மென்பொருள் மூளை குறுக்கே வந்துடும், மன்னிச்சிடுங்க. துறை துறையா புத்தகம் போட்டா சுலபம். முதல்ல இயற்பியலை முடி, அப்புறம் மருத்துவம், அப்புறம் இசை. ஒரு துறை தாமதமானா மத்ததைப் பாதிக்காது. ஆனா கலைக்களஞ்சியம் அகர வரிசை. அகர வரிசையில அகநானூறு, அணு, அணை, அம்மை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பக்கத்து வீடு. இலக்கியம், இயற்பியல், கட்டடக்கலை, மருத்துவம். அதனால முதல் தொகுதி வெளியே வரணும்னாலே எல்லாத் துறையும் ஒரே நேரத்துல ஓடணும். ஒரு துறைக்காரர் கட்டுரை தரலன்னா, மொத்த அச்சும் அவருக்காகக் காத்து நிக்கணும்.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். அகர வரிசைன்னா தலைப்புச் சொல்லை முன்கூட்டியே முடிவு பண்ணியாகணும். ரசாயனம்னு வெச்சா ஒரு இடம், வேதியியல்னு வெச்சா வேற தொகுதி. ஒரு தொகுதி அச்சான பிறகு, "அந்தச் சொல் வேண்டாம், இது நல்லாருக்கு"னு மனசு மாறினா, மாறின சொல்லோட இடம் ஏற்கனவே தாண்டிப் போயிருக்கலாம். கோடுல ஒரு பேரை மாத்திட்டு மறுபடி ரன் பண்ற மாதிரி பத்து தொகுதியை ரன் பண்ண முடியாது. தமிழ்நாடே எந்தச் சொல்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்த காலத்துல, இவங்க ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு சொல்லை முடிவு பண்ணி அச்சுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்காங்க.

முதல் தொகுதி வந்தது 1954-ல். தூரன் 1948-ல் பொறுப்பேற்றார்னா, ஒரு புத்தகம்கூட வெளியே காட்ட முடியாம ஆறு வருஷம். நம்ம ஆளுங்க ஆறு மாசத்துல டெமோ கேட்பாங்க. ஒன்பதாவது தொகுதி 1963-ல், இணைப்பா பத்தாவது 1968-ல். கட்டுரை எழுதினவங்க ஏறக்குறைய 1200 பேர். டாக்டர்கள், பேராசிரியர்கள், இசை தெரிஞ்சவங்க, கல்வெட்டு படிக்கிறவங்கன்னு பலரும். இதுல நிறைய பேருக்கு அவங்க துறையை ஆங்கிலத்துல யோசிச்சுதான் பழக்கம். அதைத் தமிழ்ப் பத்தியா மாத்துற வேலை அலுவலகத்துல இருந்தவங்க தலையில விழுந்தது. பேர் போடாத வேலை. நல்ல எடிட்டிங் எப்பவுமே அப்படித்தான் இருக்கும். இந்த டிரான்ஸ்கிரிப்டைச் சரி பண்ற என் ஃப்ரெண்டும் தலையாட்டுறா.

1968-ல் தூரனுக்குப் பத்மபூஷண் கிடைச்சது. அறுபது வயசு. அதோட நிறுத்திக்கிட்டாரான்னா இல்ல. உடனே குழந்தைகள் கலைக்களஞ்சியம், அதுவும் பத்துத் தொகுதி, 1976 வரைக்கும். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஒரே வேலை. 1987-ல் காலமானார்.

பிற்பாடு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் களஞ்சியம் போட்டப்போ, அதை ரெண்டா பிரிச்சுட்டாங்க. 'அறிவியல் களஞ்சியம்' தனி, 'வாழ்வியற் களஞ்சியம்' தனி. விரிவு கூடும்போது பிரிக்கத்தான் வேணும், நிர்வாகத்துக்கு அது சுலபம். எனக்கென்னவோ அந்தப் பழைய பக்கத்து வீட்டு ஏற்பாடுதான் பிடிக்கும். அம்மையைத் தேடிப் போறவன் வழியில அணுமேல இடிச்சுக்கணும்.

அப்படி இடிச்சுக்கிட்டு வளர்ந்த இன்னொருத்தரைச் சொல்லிட்டு முடிக்கிறேன். வா.செ. குழந்தைசாமி. கரூர்ப் பக்கம் 1929-ல் பிறந்தவர், நீரியல் பொறியாளர். மழை பெய்தா எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரத்துல ஆத்துல வந்து சேரும்ங்கிற கணக்குக்கு அமெரிக்காவில இல்லினாய்ல ஆராய்ச்சி பண்ணவர். அந்த மாதிரிக்கு அவர் பேரையே வெச்சுச் சொல்றாங்க. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து எவ்வளவுன்னு செய்தியில கேட்கிறோமே, அதோட அடிப்படைக் கேள்விதான் அது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தரா இருந்தார். குலோத்துங்கன்ங்கிற பேர்ல கவிதையும் எழுதினார். திருக்குறள் பத்தின 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். பின்னாடி தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்குத் தலைவராவும் இருந்தார், தூரன் வேலை பார்த்த அதே கழகம்.

கலைக்களஞ்சியத்தோட எல்லாத் தொகுதியும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தளத்துல இலவசமா இருக்கு. முதல் தொகுதியில ஆரம்பிங்க, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல திறக்காதீங்க, தூக்கம் போயிடும். அப்புறம் ஒரு விஷயம் உங்ககிட்ட கேட்கணும். ஏரி நிரம்பினா தண்ணி வெளியேறுற இடத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு? கலிங்கா, கலங்கலா, கோடியா, மறுகாலா? ஊர் பேரோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல எல்லாத்தையும் அகர வரிசையில போடுறேன்.