கட்டமைப்பு ஆய்வில் வெப்பப் படம்: ஒரு வரலாற்று நோக்கு

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல், அரியத்தினூடாகப் பிரிந்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானியை வைத்து அளந்தார். செந்நிறத்துக்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில், வெப்பமானி எல்லாவற்றிலும் மிகுதியாக உயர்ந்தது. செந்நிறக்கீழ்க் கதிர் அறியப்பட்டது இவ்வாறே. அவர் மகன் ஜோன் ஹேர்ஷல் 1840இல் கரி பூசிய தாளை மதுசாரத்தில் நனைத்து, அதன்மீது நிறமாலையை விழச்செய்தார். வெப்பம் பட்ட பகுதி முந்தி உலர, அங்கே ஒரு வடிவம் தோன்றியது. வெப்பம் தானே வரைந்த முதற் படம் அதுவெனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இராணுவத் தேவைகள் இத்துறையை வளர்த்தன. அக்கதை நமக்கு இங்கு வேண்டியதில்லை. பாலங்களிடம் வருவோம். குளிர்நாடுகளில் உறைபனியை உருக்க வீதிகளில் உப்பு இடுவர். அவ்வுப்பு கொங்கிறீற்றினுள் ஊறி உருக்குக் கம்பிகளை அரிக்கும். துருவானது இரும்பினும் கூடிய இடத்தை அடைப்பதால், கொங்கிறீற்று உள்ளே தட்டுத்தட்டாகப் பிரியும். மேற்பரப்பிலோ யாதொரு குறையும் தெரியாது. சுத்தியலால் தட்டியும் சங்கிலியை இழுத்தும் பொள்ளல் ஓசைக்குச் செவிகொடுப்பதே பழைய முறை. ஆயின் பிளவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆதலின் பகல் வெயிலில் பிளவின் மேற்பகுதி அயலினும் விரைந்து சூடேறும். இரவில் விரைந்து குளிரும். வெப்பப் படம் காட்டுவது இவ்வேறுபாட்டையே. இம்முறைக்கு 1988இல் ஐக்கிய அமெரிக்காவில் நியமச் சோதனை விதியும் வகுக்கப்பட்டது.

ஆனால் நிழல், ஈரம், எண்ணெய்க் கறை, ஒட்டுப்போட்ட இடம் என்பனவும் இத்தகைய வேறுபாட்டைத் தரவல்லன. பாலத்தில் ஐயம் எழுந்தால் துளையிட்டுப் பார்க்கலாம். மூவாயிரம் ஆண்டு பழைமையான ஓவியச் சுவரில் அது இயலுமா?

எகிப்தில் 1922இல் ஹவார்ட் காட்டர் கண்டறிந்த துட்டன்காமூன் கல்லறையில் இவ்வினா எழுந்தது. அதன் சுவர்களுக்கு அப்பால் மறைந்த அறைகள் உண்டென்றும், அங்கே அரசி நெபர்ட்டிட்டி அடக்கம் செய்யப்பட்டிருக்கலாமென்றும் நிக்கலஸ் றீவ்ஸ் 2015இல் வாதிட்டார். அவ்வாண்டு நவம்பரில் எடுக்கப்பட்ட வெப்பப் படங்கள் வடசுவரின் ஒரு பகுதியில் வெப்பநிலை வேறுபாட்டைக் காட்டின. உலகப் பத்திரிகைகள் அவ்வேறுபாட்டையே அறையாக்கிவிட்டன! முதல் ராடார் ஆய்வு அறை உண்டென்றது. 2016இல் நிகழ்ந்த இரண்டாவது அதனை உறுதிசெய்யவில்லை. ஈற்றில் 2018இல் இத்தாலியின் தூரின் தொழினுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர், கல்லறையை ஒட்டி மறைந்த அறைகள் இருப்பதற்குச் சான்றில்லை என அறிவித்தனர்.

கருவி பொய் சொன்னதா? இல்லை என்றே கருதுகிறேன். அது வேறுபாட்டைக் கூறியது, காரணத்தைக் கூறவில்லை. தனியொரு கல்வெட்டினை வைத்து ஓர் அரச பரம்பரையையே எழுதிவிடும் நம் துறையினர் இப்பிழையைக் கண்டு நகைப்பதற்கில்லை. இவ்விடத்தில் அமைச்சு நிதானம் காத்தது. வெற்றிடம் உண்டென்பது நூறு வீதம் உறுதியாகும்வரை துளையிட இடமளிக்கப்படாதென எகிப்தியத் தொல்பொருள் அமைச்சர் 2016இலேயே கூறியிருந்தார். வடசுவர் துளையிடப்படவில்லை.