ஒரே துடிப்பில் பாரதம்

பிற மாநிலங்களில் வாழும் நாம் ஏற்றும் விளக்குக்கும், நம் சொந்த ஊரில் எரியும் விளக்குக்கும் இன்று ஓர் உறவு உண்டு. அவ்வுறவு எளிதில் வாய்த்ததன்று.

1960களில் நாட்டின் மின் அமைப்பை ஐந்து வட்டாரங்களாக வகுத்தனர். 1991இல் கிழக்கும் வடகிழக்கும் இணைந்தன. 2003இல் மேற்கும், 2006இல் வடக்கும் சேர்ந்தன. தெற்கு மட்டும் தனித் துடிப்போடு நின்றது. 2012 ஜூலை 31ஆம் நாள் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டபோது அது தப்பிற்று.

அங்ஙனமாயின் ஏன் சேர வேண்டும்? தனிமை காத்தது உண்மையே. ஆயின், பற்றாக்குறைக் காலத்தில் வேண்டிய அளவு மின்சாரம் வடக்கிலிருந்து வரவும் அதுவே தடையாயிற்று.

2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தது. நாடெங்கும் வினாடிக்கு 50 சுற்று என்னும் ஒரே துடிப்பு உண்டாயிற்று. இன்பத்தோடு இடரிலும் பங்குண்டு என்பதை அறிந்தே கூடினோம்.