ஆஸ்பிரின் மாத்திரையைப் பாதுகாப்பாக உட்கொள்ளுதல்

இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகட்டி ஆவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. மாரடைப்பு ஏற்பட்டவர்களுக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கும் இது நாள்தோறும் பெரும்பாலும் 75 அல்லது 150 மில்லிகிராம் அளவில் தரப்படுவது இதனால்தான். வலி நீங்கத் தேவைப்படும் அளவு இதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே, இதயத்திற்கென எழுதித்தந்த மாத்திரையை உடல்வலிக்காகக் கூடுதலாக உட்கொள்ளலாகாது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் ஆபத்தானது. பல் பிடுங்குவதற்கு முன்னரும் கேட்டறிக.

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களும் எக்கியார்குப்பம் மீனவர்களும் வெயிலில் வியர்த்து, நீர் குறைந்த உடலுடன் வலிமாத்திரை உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆஸ்பிரின் மட்டுமன்றி டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் இதயத்திற்குத் தரும் பயனையும் குறைக்கக்கூடும். சாதாரண உடல்வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமாலே போதும்.

வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் மது அருந்துவோருக்கும் இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. மலம் தார்போல் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. டெங்கு ஐயமுள்ள காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது. மருத்துவர் கூறினாலன்றி 16 வயதிற்குட்பட்டோருக்கும் கூடாது.

நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழைக்கவும், அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அடையவும். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் சேர்ந்த 14 மாத்திரைகள் முதல் மருந்தாக அங்கேயே தரப்படுகின்றன. துணை சுகாதார நிலையங்களிலும் இவை உண்டு. முகம் கோணினாலோ ஒரு பக்கக் கைகால் செயலிழந்தாலோ வீட்டில் ஆஸ்பிரின் தரவேண்டாம்: அது மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவாகவும் இருக்கலாம்.