வெள்ளத்தில் போன கூலிக்கு யார் பொறுப்பு? பேரிடருக்கு முன்பே தொழிலாளர் அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டியவை என்னென்ன?

2024 டிசம்பர் முதல் வாரத்தை அரூர் மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்மாவட்டங்களுக்குள் வந்து கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., பக்கத்தில் இருக்கும் அரூரில் 33 செ.மீ. அதுவும் வறட்சி மாவட்டம்னு பேர் வாங்கிய தர்மபுரியில்!

வீடு, பயிர், ஆடு மாடு, சாலை... இதெல்லாம் கணக்கெடுப்பில் வந்துவிடும். வராத ஒன்று, கூலி. மழை விட்டாலும் ஈரம் காயும் வரை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை கிடையாது. செங்கல் சூளையிலும் அதே கதைதான். இவர்களுக்காக இருக்கும் துறை தொழிலாளர் நலத்துறை. பேரிடர் நேரத்தில் அந்தத் துறையின் கையில் என்ன இருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 40வது பிரிவுப்படி, மாநில அரசின் ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு பேரிடர் திட்டம் வைத்திருக்க வேண்டும். பேரிடர்னு சொன்னதும் வருவாய்த்துறை, தீயணைப்பு, சுகாதாரம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனா தொழிலாளர் துறையும் இந்தப் பட்டியலில் உண்டு.

பணம் இருக்கு, பேர் இருக்கா?

கட்டடம் கட்டும் செலவில் 1% நலநிதியாக வசூலிக்கப்படுகிறது. 2020 மார்ச் 24 அன்று, கொரோனா ஊரடங்கு நேரத்தில், இந்த நிதியிலிருந்து தொழிலாளர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. அப்போது நாடு முழுக்க இருந்த தொகை சுமார் 52,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் 1,000 ரூபாயும், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெயும் அறிவிக்கப்பட்டன. டெல்லியில் 2021 நவம்பரில் காற்று மாசு காரணமாகக் கட்டுமான வேலைகள் நிறுத்தப்பட்டபோது, தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான்: நலவாரியத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கும், பதிவைப் புதுப்பிக்காதவருக்கும், வங்கிக் கணக்கு செயல்படாமல் கிடப்பவருக்கும் பணம் போய்ச் சேராது. படகு, மோட்டார் எல்லாம் மற்ற துறைகளுக்கு. தொழிலாளர் அலுவலகத்தின் முதல் பேரிடர் உபகரணம் பிழையில்லாத பதிவேடுதான்.

சர்வர் படுத்தால்?

2023 இறுதியில் நலவாரிய இணையதளத்தின் சர்வர் பழுதாகி, பதிவு ஆவணங்கள் அழிந்துபோனதாகத் தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின. வெள்ளம் வராமலேயே இந்த நிலை! ஆகவே வேறொரு ஊரில் ஒரு பேக்கப் கட்டாயம் இருக்கணும். அதோடு ஊர் வாரியாகப் பெயர், தொழில், செல்போன் எண் அடங்கிய அச்சுப் பிரதி ஒன்றும் அலுவலகத்தில் இருக்கணும். இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் ஊழியர்கள் அதை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போகலாம். ஜெனரேட்டர், இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு, வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் இந்தியில், ஒடியாவில் பேசத் தெரிந்த ஆள் - இவையும் தேவை.

முன்கூட்டியே தெரியும் இழப்பு

ஒகேனக்கல்லைப் பாருங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் பரிசல் இயக்கத் தடை வரும். 2024 ஜூலை, ஆகஸ்டில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டி ஓடியது. தடை நீடிக்கும் வரை பரிசல் ஓட்டிகளுக்கு வருமானம் இல்லை. சமையல் செய்து கொடுப்பவர்கள், மசாஜ் தொழிலாளர்களுக்கும் அடிதான். புயலைப் போல திடீரென வருவதல்ல இது. பாதிக்கப்படப் போகிறவர்கள் யார் என்று மே மாதமே பட்டியல் போட்டுவிட முடியும்.

சிக்கலானது, ஊரை விட்டு வேலைக்குப் போனவர்களின் கணக்கு. 2023 அக்டோபர் 7 அன்று பெங்களூரு அருகே அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை, குடோனில் தீ பிடித்தது. இறந்தவர்களில் பலர் அரூர் பக்கத்து அம்மாபேட்டை கிராமத்து இளைஞர்கள். தீபாவளி சீசன் வேலைக்குப் போனவர்கள். ஊரில் பதிவு, வேலை எல்லைக்கு அப்பால் என்றால், எந்த மாநிலத்தின் தொழிலாளர் துறையிடம் அவர்கள் கணக்கு இருக்கும்?

தொழிலாளர்கள் இப்போதே பார்க்க வேண்டியவை

கட்டுமான நலவாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா, செல்போன் எண் மாறிவிட்டதா, வாரிசுதாரர் பெயர் சரியா என்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வெள்ள நேரத்தில் மீட்பு உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. நலவாரிய உதவிக்கு அங்கே கேட்டுப் பயனில்லை. தொழிலாளர் அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.