குப்பைத் தொல்லியல்

ஒரு சமூகத்தார் கழித்துப் போட்ட பொருள்களைத் தொல்லியல் முறைப்படி பிரித்து, எடை போட்டு, பதிவு செய்து, அவற்றைக் கொண்டு அவர்களுடைய வாழ்க்கை முறையை அறிய முயலும் ஆய்வுத் துறை. பழங்காலக் குப்பைமேடுகளைத் தோண்டுவது தொல்லியலின் அன்றாடப் பணியே. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே முறை இன்றைய நகரங்களின் குப்பைக்குப் பயன்படுத்தப்பட்டபோது இது தனித் துறையாகப் பெயர் பெற்றது. மக்களிடம் கேட்டு அறிவது சமூகவியலின் வழி. அவர்கள் விட்டுச் சென்றதைப் பார்த்து அறிவது தொல்லியலின் வழி. ஒரே ஊரில், ஒரே காலத்தில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சரிபார்க்க முடிந்ததே இத்துறையின் தனித்தன்மை.

முன்னோடிகள்

டென்மார்க்கின் கடற்கரைகளில் காணப்படும் பெரிய கிளிஞ்சல் மேடுகள் இயற்கையாகக் கடல் ஒதுக்கியவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இவற்றை ஆராய 1848இல் அமைக்கப்பட்ட குழுவில் நிலவியலார் ஃபோர்க்ஹாமர், விலங்கியலார் ஸ்டீன்ஸ்ட்ரூப், தொல்லியலார் வொர்சா ஆகிய மூவரும் இருந்தனர். கிளிஞ்சல்களோடு விலங்கெலும்புகள், அடுப்புக் கரி, கற்கருவிகள் ஆகியவை கலந்து கிடந்ததைக் கண்ட இக்குழு, இவை மனிதர் தின்று எறிந்த குவியல்கள் என்ற முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் நெல்ஸ் நெல்சன் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி 425 கிளிஞ்சல் மேடுகளைக் கண்டறிந்து 1909இல் வெளியிட்டார். ஆல்ஃபிரட் கிடர் நியூமெக்சிகோவின் பேக்கோஸ் ஊரில் குப்பை அடுக்குகளைக் கொண்டு பானை வகைகளின் காலவரிசையை நிறுவினார்.

தென்னிந்தியாவில் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் உள்ள சாம்பல் மேடுகள் இங்கே குறிப்பிடத் தக்கவை. ஹம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரம் மேட்டை வாலியை எரியூட்டிய இடம் என்று ஊர் மக்கள் காட்டுவர். எரிமலைக் கழிவு என்று கருதிய அறிஞர்களும் இருந்தனர். மாட்டுச் சாணம் எரிந்து உருவானவை என்ற கருத்தை ராபர்ட் புரூஸ் ஃபூட் முன்வைத்தார். பிற்காலத்தில் சாய்னர் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. தெலங்கானாவின் உட்னூரில் அகழாய்வு செய்த ரேமண்ட் ஆல்ச்சின், இவை புதிய கற்காலத்து மாட்டுப் பட்டிகள் என்று 1963இல் வெளியான தம் நூலில் எழுதினார். பட்டியில் சேர்ந்த சாணத்தைக் குறிப்பிட்ட பருவங்களில் சடங்காக எரித்திருக்கலாம் என்று கூறி, பொங்கல், ஹோலி முதலிய இன்றைய விழாக்களோடு அதை ஒப்பிட்டார். புதிஹாளில் அகழாய்வு நடத்திய பத்தய்யா, மேட்டை ஒட்டியே வீடுகள் இருந்ததைக் காட்டி, இவற்றை வெறும் பட்டிகளாக அல்லாமல் ஊர்களாகவே கொள்ள வேண்டும் என்றார். சாணத்தை எரித்ததன் நோக்கம் சடங்கா, துப்புரவா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

சமூகவியல் பக்கத்திலிருந்தும் ஒரு பாதை இத்துறையை நோக்கி வந்தது. அமெரிக்காவின் வெல்லெஸ்லி நகரில் அன்று மதுக்கடை இருக்கவில்லை. அங்கே எவ்வளவு மது அருந்தப்படுகிறது என்பதை 1961இல் ஓர் ஆய்வாளர் வீட்டுக் குப்பையில் கிடந்த வெற்றுப் புட்டிகளை எண்ணி மதிப்பிட்டார். வெப், கேம்பல் முதலிய நால்வர் 1966இல் வெளியிட்ட நூல், மக்களைக் கேள்வி கேட்காமலேயே அவர்களுடைய நடத்தையை அளக்கும் வழிகளைத் தொகுத்தது. இந்தப் புட்டி எண்ணிக்கையும் அதில் இடம்பெற்றது. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் கோழிக்குஞ்சு பொரியும் காட்சியைச் சுற்றிப் பதித்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததையும் அந்நூல் சான்றாகக் காட்டுகிறது. எந்தக் காட்சி பிடித்தது என்று பார்வையாளர்களிடம் கேட்டிருந்தால் எத்தனை பேர் கோழிக்குஞ்சைச் சொல்லியிருப்பார்கள் என்பது ஐயமே.

டூசான் திட்டம்

இத்துறையின் வரலாற்றில் மிக விரிவான பதிவுகள் கிடைப்பது அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த குப்பைத் திட்டத்துக்கே. இதைத் தொடங்கிய வில்லியம் ராத்ஜே (1945–2012), ஹார்வர்டில் மாயா நாகரிகம் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். அவருடைய மாணவர்கள் சிலர் வகுப்புப் பயிற்சிக்காகச் சில வீடுகளின் குப்பையை ஆராய்ந்ததே இதன் வித்து என்று கூறப்படுகிறது. 1973இல் அது நிலையான திட்டமாயிற்று.

மாநகரத் துப்புரவுப் பிரிவினர் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளின் குப்பைப் பைகளைத் தனியே கொண்டுவந்து கொடுத்தனர். பையின்மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டத்தின் எண் மட்டுமே இருக்கும். வீட்டு முகவரி இராது. கடிதம், பெயருள்ள தாள் எதையும் படிக்கக் கூடாது என்பது விதி. தடுப்பூசி போட்டுக்கொண்டு, கையுறையும் முகமூடியும் அணிந்த மாணவர்கள் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, வகை, எடை, விலை, வணிகப் பெயர் ஆகியவற்றைப் படிவத்தில் குறித்தனர். தின்னாமல் எறிந்த உணவுக்கும், தோல், எலும்பு, பழத்தொலி போன்ற இயல்பான கழிவுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கப்பட்டது. பீர் டின்களின் இழுப்பு வளையங்களைக்கூட, பானைச் சில்லுகளை வகைப்படுத்தும் அதே கவனத்தோடு வகை பிரித்துக் காலவரிசைப்படுத்தினர்.

1973இன் தொடக்க மாதங்களில் அமெரிக்காவில் மாட்டிறைச்சித் தட்டுப்பாடு நிலவியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் மக்கள் இறைச்சியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். டூசான் குப்பை மாறாகச் சொன்னது. தட்டுப்பாட்டு மாதங்களில் வீணான இறைச்சியின் விகிதம், நிலைமை சீரான பிறகு வீணானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கிடைத்தபோது மொத்தமாக வாங்கிக் குவித்ததும், சமைத்துப் பழகாத பகுதிகளை வாங்கியதும் இதற்குக் காரணம் என்று ராத்ஜே குழுவினர் விளக்கினர். சர்க்கரைத் தட்டுப்பாட்டின்போதும் இதே போக்கு காணப்பட்டது. பழகிய உணவையே திரும்பத் திரும்ப உண்ணும் வீட்டில் வீணாவது குறைவு என்ற பொது விதியை அவர்கள் இதிலிருந்து வகுத்தனர். அன்றாடம் வாங்கும் ரொட்டி தீர்ந்துவிடுகிறது. எப்போதோ ஒருமுறை வாங்கும் சிறப்பு ரொட்டிதான் குப்பைக்குப் போகிறது. சில பொருள்களையே மாற்றி மாற்றிச் சமைக்கும் மெக்சிகோ வழி அமெரிக்கக் குடும்பங்கள் குறைவாக வீணாக்கியதையும் இவ்விதியே விளக்கியது. வாங்கிய உணவில் மொத்தமாக 10 முதல் 15 சதவீதம் வீணானதாகத் திட்டம் மதிப்பிட்டது.

வாசலில் கேட்டதும் கொல்லைப்புறத் தொட்டியில் கிடைத்ததும் ஒத்துப்போகாத இடங்களே இந்த ஆய்வில் பெரிதும் பேசப்பட்டவை. தொடக்கக் கால ஒப்பீடு ஒன்றில், நேர்காணல்களில் பீர் குடிப்பதாக ஒப்புக்கொண்ட வீடுகள் 15 சதவீதமே. வாரத்துக்கு எட்டு டின்னுக்குமேல் என்று எந்த வீட்டாரும் சொல்லவில்லை. அதே பகுதியின் குப்பையில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பீர் டின்கள் கிடந்தன. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் எட்டைத் தாண்டியிருந்தன. இவற்றைப் பொய் என்று ஒதுக்காமல், பொய்க்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியதுதான் திட்டத்தின் தனிப் பங்களிப்பு. காய்கனிகளைத் தின்றதாகக் கூட்டியும், மிட்டாய், வறுவல் வகைகளைக் குறைத்தும் சொல்வது ஒரு வகை. குடும்பத்துக்கு நிறையச் சமைத்துப் போட்டதாக இல்லத்தரசிகள் மிகைப்படுத்துவது இன்னொரு வகை. வீட்டில் ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை அறிய, அவரைவிட அதே வீட்டில் குடிக்காத ஒருவரைக் கேட்பது மேல் என்பதும் கண்டறியப்பட்டது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வே தேவையில்லை என்பார் பல குடும்பங்களில் இருப்பர். எனினும் எண்களோடு நிறுவியது டூசான் திட்டமே.

கொழுப்பு உடலுக்குக் கேடு என்ற செய்தி 1980களின் தொடக்கத்தில் பரவியபின், இறைச்சியிலிருந்து வெட்டி எறிந்த கொழுப்பு குப்பையில் கூடியது. ஆனால் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளின் உறைகளும் சேர்ந்தே கூடின. உணவுமுறை மாறிவிட்டதாக மக்கள் நம்பினர். உட்கொண்ட கொழுப்பு அதற்கேற்பக் குறைந்ததாகத் தெரியவில்லை.

கிடங்கு அகழாய்வு

1987 முதல் இத்திட்டம் பழைய குப்பைக் கிடங்குகளைத் துளைக்கத் தொடங்கியது. கட்டட அடித்தளம் தோண்டப் பயன்படும் பெரிய வாளித் துளைப்பான் பொருத்திய லாரிகள் பயன்படுத்தப்பட்டன. துளைக்கப்பட்ட கிடங்குகளுள் புகழ்பெற்றது நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 1948இல் திறக்கப்பட்ட ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கு. உள்ளே புதைந்த அனைத்தும் மக்கி மண்ணாகிவிடும் என்ற பொது நம்பிக்கை இங்கே அடிபட்டது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்களைப் படிக்க முடிந்தது. அடுக்குகளின் காலத்தைக் கணிக்க அவற்றின் தேதிகளே கருவியாயின. ஓரிடத்தில் 1967ஆம் ஆண்டுச் செய்தித்தாளுக்குப் பக்கத்தில், வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்த கூட்டு ஏறக்குறைய அடையாளம் கெடாமல் கிடைத்தது. ஈரம் மிகுந்த பகுதிகளில் சிதைவு கூடுதலாக நடந்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே கிடங்குகளில் எதுவுமே மக்குவதில்லை என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது மிகையாகும்.

கிடங்குகளை நிரப்புபவை துரித உணவுப் பொட்டலங்கள், தெர்மகோல், குழந்தைகளின் டயப்பர் ஆகியவையே என்று பொதுமக்கள் எண்ணினர். கிடங்கின் கால் பங்கு, அரைப் பங்குகூட இவைதாம் என்று மதிப்பிட்டவர்கள் இருந்தனர். அகழ்ந்தெடுத்ததில் மூன்றும் சேர்ந்து கொள்ளளவில் சுமார் 3 சதவீதமே. காகிதம் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இடித்த கட்டடக் கழிவும் கணிசமாக இருந்தது. காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட எவரும் இருக்கவில்லை. ராத்ஜேயும் பத்திரிகையாளர் கல்லன் மர்ஃபியும் இம்முடிவுகளை 1992இல் நூலாக்கினர்.

மறுப்புகள்

குப்பைத் தொட்டி ஒரு வீட்டின் முழுக் கணக்கு ஆகாது என்பது முதன்மையான மறுப்பு. சமையலறைக் கழுவுதொட்டியின் துவாரத்தில் அரைத்து விடுவதும், நாய்க்குப் போடுவதும், வெளியே உண்பதும், காசுக்கு விற்கும் டின்களும் அதில் சேர்வதில்லை. வீட்டில் யார் தின்றார், யார் எறிந்தார் என்பதும் தெரியாது. டூசான் குழுவினர் இவற்றை ஒப்புக்கொண்டு, தங்கள் எண்களைக் குறைந்தபட்ச மதிப்பீடு என்றே கொண்டனர். இது தொல்லியலா, சந்தை ஆய்வா என்று கேட்ட தொல்லியலாரும் உண்டு. அந்தரங்கம் பற்றிய கேள்வி தனியானது. பிரபலங்களின் குப்பையைக் கிளறிச் செய்தியாக்கும் வழக்கம் 1970களிலேயே இருந்தது. வீட்டு எல்லைக்கு வெளியே வைத்த குப்பையைக் காவல்துறை வாரண்ட் இன்றிச் சோதிக்கலாம் என்று 1988இல் கிரீன்வுட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகவரி நீக்கும் டூசான் விதிகள் அத்தீர்ப்புக்கு முந்தியவை.

பின்னாளைய வளர்ச்சி

சமகாலத் தொல்லியல் என்ற விரிந்த துறைக்குள் குப்பைத் தொல்லியல் இப்போது அடங்குகிறது. 2006இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஒரு பழைய ஃபோர்டு வேனை அகழாய்வு முறைப்படி பிரித்துப் பதிவு செய்தனர். மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் குடியேறிகள் விட்டுச் சென்ற பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் ஜேசன் டி லியோன் 2009 முதல் ஆராய்ந்தார். இண்டியானாபோலிஸ் நகரில் வீடற்றோர் தங்கிய இடங்களை ஆராய்ந்த லாரி சிம்மர்மன், உதவி அமைப்புகள் கொடுத்த ஷாம்பூ புட்டிகள் திறக்கப்படாமலே கிடந்ததைக் கண்டார். தலை குளிக்க அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. டின் உணவு கொடுத்தவர்கள் டின் திறப்பான் கொடுத்திருக்கவில்லை. வீடற்றோருக்கு என்ன தேவை என்று கொடுப்பவர்களிடம் எடுத்த எந்த வினாநிரலிலும் இது வெளிப்பட்டிருக்காது.

ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கு 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே அமைக்கப்பட்டு வரும் பூங்காவின் வடபகுதியின் முதற்கட்டம் 2023 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.