பெரிய கோயில் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு

தஞ்சைப் பெரிய கோயில் ஒரு காலத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டில் இருந்தது என்றால் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1954இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டு அது. மாதச் சம்பளத்தை நூறுகளில் எண்ணிய நம் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

1978 ஜனவரி 16 அன்று மொரார்ஜி தேசாய் அரசு அவசரச் சட்டம் போட்டு 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. மாற்றிக்கொள்ளச் சில நாட்களே அவகாசம். அப்போது வங்கிக்குப் போகாமல் தங்கியவைதான் இன்று பழைய நோட்டு சேகரிப்பவர்களின் ஆல்பத்தில் இருக்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு.

2016இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் மருந்துக்கும் விசேஷத்துக்கும் என்று புடவை மடிப்பில் ஒளித்து வைத்தவை இன்னும் சில பீரோக்களில் கிடக்கின்றன. இங்கே மேடவாக்கத்திலும் என்னிடம், "சார், இதை வைத்திருந்தால் தப்பா?" என்று கேட்டவர்கள் உண்டு.

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் 10 நோட்டுகள் வரை வைத்திருக்கலாம். ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. அதற்கு மேல் போனால், 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம்.

"பழைய நோட்டுக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. உங்களிடம் ஒன்றிரண்டு நோட்டு இருந்தால் மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.