பாப்ளர் பரோ மன்றத் தேர்தல், 1919: முடிவும் விளைவும்

கிழக்கு இலண்டனின் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பாப்ளரில், 1919 நவம்பரில் நடைபெற்ற பரோ மன்றத் தேர்தலில் 42 இடங்களுள் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். வறியோர் உதவி பெற்றவர்க்கிருந்த வாக்குத் தடையை 1918ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்தமை இங்குக் கருதத்தக்கது.

எனினும், இவ்வெற்றி மன்றத்தின் நிதிநிலையை மாற்றவில்லை. வறியோர் உதவிச் செலவின் பெரும்பகுதியை அந்தந்தப் பகுதியே தன் கட்டடவரியால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே, வறுமை மிகுந்த பகுதியே உயர்ந்த வரிவிகிதத்தைச் சுமந்தது. இதனை எதிர்த்து 1921இல் பாப்ளர் மன்றம், இலண்டன் கவுண்டி மன்றம் முதலிய அமைப்புகளுக்குரிய தொகையை வரியில் சேர்த்து விதிக்க மறுத்தது. நீதிமன்ற ஆணைக்குப் பணியாத 30 உறுப்பினர்கள், பெண்கள் ஐவர் உட்பட, அவ்வாண்டு செப்டம்பரில் சிறைப்படுத்தப்பட்டு அக்டோபரில் விடுதலையாயினர். நவம்பரில் நிறைவேறிய சட்டம், உதவிச் செலவின் பெரும்பங்கை இலண்டன் முழுமைக்கும் பொதுவாக்கியது.

எனவே, 1919 தேர்தலை இடங்களின் எண்ணிக்கை கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. வாக்காளர் மன்றத்தை மாற்றினர். வரிச்சுமையைப் பகிரும் முறையை மாற்றும் அதிகாரமோ நாடாளுமன்றத்திடமே இருந்தது. அவ்விடைவெளியை வெளிப்படுத்தியது தேர்தல் வெற்றியன்று, உறுப்பினர்களின் சிறைவாசமே.